சார்ட்டர் விமானத்தில் முதல் வேலை: கடனும் பாண்டும் ஒரு மாலை மறுப்பும் (நிகழ்வு ஆய்வு)

எதற்காக இந்தப் பதிவு

வருடத்துக்கு நாலைந்து குடும்பங்களாவது என்னைத் தேடி வருகின்றன. "பையன் பைலட் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கான், என்ன செய்யலாம்?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். நான் பைலட் அல்ல. விமானப்படையில் தரைப்பிரிவில் 20 ஆண்டு வேலை பார்த்துவிட்டு நாகர்கோவிலில் வந்து அமர்ந்தவன். சொந்த விமான நிலையம் இல்லாத மாவட்டத்தில் விமானத்தைக் கிட்டே போய்த் தொட்டவன் என்றாலே ஆலோசகர் ஆகிவிடுகிறான்.

அப்படி வந்தவர்களில் ஒருவருடைய கதையை முழுதாக எழுதி வைக்கிறேன். பெயர், கம்பெனி எதுவும் இதில் இல்லை. ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில சில்லறை விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதியதை அந்தக் குடும்பம் படித்துப் பார்த்துச் சம்மதித்திருக்கிறது. என் யோசனை தவறாகப் போன இடத்தையும் மறைக்காமல் எழுதச் சொன்னது அந்த அம்மாதான்.

பின்னணி

குலசேகரம் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர். ஆள் வைக்காமல் விடியற்காலையில் அவரே பால் வெட்டுவார். அம்மா அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. மூத்தவன் இவன், கீழே ஒரு தங்கை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் எடுத்திருந்தான். வணிக விமானி உரிமத்துக்கு அந்த இரண்டும் வேண்டும்.

முதலில் நான் சொன்னது ஒன்றுதான்: பள்ளியில் பணம் கட்டும் முன்பு மெடிக்கல். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முன்பணம் கட்டி, யூனிபார்ம் தைத்து, அப்புறம் கண்ணிலோ காதிலோ ஒரு குறை தெரியவர, பணத்தைத் திரும்ப வாங்க அலைகிறார்கள். இவன் தொடக்கநிலையான இரண்டாம் வகுப்பு (கிளாஸ் 2) மெடிக்கலை முடித்து, பெங்களூரில் விமானப்படையின் மருத்துவ நிறுவனத்தில் முதல் வகுப்பும் தேறிய பிறகே 2017 ஜூலையில் வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தான்.

மொத்தச் செலவு 46 லட்சம். அதில் 30 லட்சம் வங்கிக் கல்விக் கடன். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள் என்பதால் ரப்பர் நிலத்தின் பத்திரம் வங்கிக்குப் போனது. மீதிக்கு அம்மாவின் பி.எஃப். முன்பணம், நகை, ரோட்டோரம் இருந்த 12 சென்ட் மனை.

அந்த நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தது. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. பாதிக்கு மேல் இடுப்பளவில் முறிந்திருந்தன. அவர் ரப்பர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டுவதற்கு மரம் இல்லாத நிலத்தில் நின்றிருந்தார். புதுக் கன்று வைத்தால் பால் வெட்ட ஏழு வருடம் ஆகும். 2018 மழையில் கன்று வைத்தார்கள். 2025 வரை அந்த நிலத்திலிருந்து பெரிதாக ஒன்றும் வராது என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. பையனின் கடன் தவணையும் அந்த ஏழு வருடத்துக்குள்தான் தொடங்கப் போகிறது.

உரிமத்துக்கு வேண்டிய 200 மணி நேரப் பறத்தலை அவன் முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. வானிலை, விமானம் பழுது, பயிற்றுநர் இல்லாமை என்று எல்லாப் பள்ளியிலும் சொல்லும் காரணங்கள்தான். ஏர் நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன், டெக்னிக்கல் தாள்களை இதற்கிடையில் முடித்தான். இரட்டை எஞ்சின் ரேட்டிங்கோடும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கோடும் (ரேட்டிங் என்பது உரிமத்தில் சேரும் கூடுதல் தகுதி) உரிமம் கைக்கு வந்தது 2020 பிப்ரவரியில்.

காத்திருந்த 20 மாதம்

அடுத்த மாதமே கொரோனா. மார்ச் 25-ஆம் தேதி நாட்டில் பயணிகள் விமானம் எல்லாம் நின்றது. இரண்டு மாதம் கழித்து உள்நாட்டுச் சேவை மெல்லத் தொடங்கியது. ஆனால் ஆள் எடுப்பதாவது! இருக்கிற பைலட்டுகளுக்கே பாதிச் சம்பளம்.

இங்கேதான் என் தவறு. "பொறு, பெரிய ஏர்லைன்கள் ஆள் எடுக்க ஆரம்பிக்கும்போது முதல் வரிசையில் நிற்கலாம்" என்று சொன்னேன். அவனும் ஊரில் இருந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தான், அப்பாவோடு கன்றுகளுக்கு உரம் வைத்தான். உரிமம் பீரோவில் இருந்தது. பறக்காத உரிமம் சும்மா இருப்பதில்லை, தேய்கிறது. 90 நாளுக்குள் மூன்று முறை ஏறி இறங்காதவன் பயணியை ஏற்றக் கூடாது. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு வருடா வருடம் சோதனை. அது காலாவதியாகி, மீண்டும் வாடகை விமானத்தில் பறந்து புதுப்பிக்க 1 லட்சத்து 80 ஆயிரம் செலவானது. கடன் தவணை கொரோனாத் தளர்வுக் காலத்தில் தள்ளிப்போனது, வட்டி தள்ளிப்போகவில்லை. 30 லட்சம் 38 லட்சத்தைத் தொட்டது.

2021-இல் இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, இன்னொரு 18 லட்சம் போட்டு ஏர்பஸ் 320 டைப் ரேட்டிங், அதாவது அந்த ஒரு வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி, எடுப்பது. டைப் ரேட்டிங் கையில் இருந்தால் ஏர்லைன் கூப்பிடும் என்றார்கள். கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். இன்னொன்று, ஒரு பெருநகரத்து ஏஜென்ட். 4 லட்சம் கொடுத்தால் சார்ட்டர் கம்பெனியில் "சீட் பிடித்துத் தருவதாக" அவர் சொன்னார். ரசீது கேட்டோம். அதோடு அவர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அப்பா ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்: "சாரே, இன்னும் கடன் வாங்காம இவன் விமானத்துக்குப் பக்கத்துல போய் நிக்கதுக்கு ஒரு வழியும் இல்லியா?" அந்தக் கேள்விதான் திருப்பம். பறக்கும் வேலை கிடைக்காவிட்டால் போகட்டும், பறக்கிற இடத்தில் ஏதாவது ஒரு வேலை தேடுவோம் என்று முடிவெடுத்தோம்.

ஆபரேஷன்ஸ் மேசை

சார்ட்டர் கம்பெனி என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேர அட்டவணை போட்டு டிக்கெட் விற்பவை ஏர்லைன்கள். கேட்டவருக்குக் கேட்ட நேரத்தில் முழு விமானத்தையும் வாடகைக்கு விடுபவை சார்ட்டர். இவற்றுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ. தருவது அட்டவணையில்லாச் சேவைக்கான அனுமதி. ஒரே ஒரு விமானம் வைத்திருந்தாலும் அந்த அனுமதி வாங்கலாம். அதனால் நாட்டில் இருக்கும் சார்ட்டர் கம்பெனிகளில் பல, ஒரு குடும்பமும் இரண்டு மூன்று விமானமும் ஒரு சிறிய அலுவலகமுமாகத்தான் இருக்கும். அங்கே ஆள் எடுப்பது விளம்பரத்தால் அரிதாகவே நடக்கிறது. ஒரு கோ-பைலட் வேலையை விட்டுப் போகும் அன்று, யாருடைய முகம் கண்ணில் படுகிறதோ அவர்தான்.

2021 நவம்பரில் வடக்கே ஒரு கம்பெனியில் ஆபரேஷன்ஸ் உதவியாளராகச் சேர்ந்தான். சம்பளம் 22 ஆயிரம். உரிமம் வைத்திருக்கிற பையன் மேசை வேலைக்குப் போவதா என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அம்மா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த மேசையில் அவன் கற்றது பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லித்தராதது. ஃப்ளைட் பிளான் போடுவது, எந்த நிலையத்தில் நிறுத்த இடம் இல்லை, எந்த ஓடுபாதை எத்தனை மணிக்கு மூடும், எங்கே எரிபொருள் வண்டி வரும், எங்கே பீப்பாயிலிருந்து கைப்பம்பால் ஊற்ற வேண்டும், சாப்பாடு யார் கொண்டு வருவது. வாடிக்கையாளர் "நாலு பேர்" என்று சொன்னால் ஆறு பேர் வருவார்கள் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டான்.

2022 செப்டம்பரில் கம்பெனியின் பீச்கிராஃப்ட் கிங் ஏர் பி200-இன் கோ-பைலட் ஒருவர் ஏர்லைனுக்குப் போனார்.

தேர்வு

மூன்று கட்டம். முதலில் எழுத்துத் தேர்வு: வானிலை அறிக்கையைப் பிரித்துப் படிப்பது, எடைச் சமநிலைக் கணக்கு, ஒரு எஞ்சின் நின்றால் என்ன வேகத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது போன்றவை. ஆபரேஷன்ஸில் தினமும் எடைத்தாள் போட்டவனுக்கு அது சிரமமாக இல்லை. இரண்டாவது சிமுலேட்டரில் ஒரு மணி நேரம். புறப்பட்டவுடன் ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டு என்ன செய்கிறான் என்று பார்த்தார்கள். முதல் முறை மூக்கு ஓடுபாதைக் கோட்டைவிட்டு விலகியது, இரண்டாம் முறை நேராகப் பிடித்தான்.

மூன்றாவது நேர்காணல். தலைமை பைலட் விண்ணப்பத்தில் கன்னியாகுமரி என்று பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் காற்று எப்படி?" என்று கேட்டிருக்கிறார். இவன் ஆரல்வாய்மொழிக் கணவாயைச் சொன்னான். தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் நெருக்கிக்கொண்டு வேகமெடுப்பது, முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான் என்பது, மலைக்கு மறுபக்கம் அந்தக் காற்று கட்டுக்கோப்பு இல்லாமல் புரள்வது. சின்ன வயதில் பஸ் ஜன்னலில் பார்த்ததைப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லிவிட்டான். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

கடைசிக் கேள்வி: "பெரிய மனிதர் ஒருவர் பயணி. வானிலை சரியில்லை. போயே ஆக வேண்டும் என்கிறார். என்ன செய்வீர்கள்?" இவன், "போக முடியாது என்று கேப்டனிடம் காரணத்தோடு சொல்வேன்" என்றான். எல்லோரும் சொல்லும் விடைதான். அவரும் தலையாட்டி டிக் போட்டுக்கொண்டார். இந்தக் கேள்வி பின்னால் மறுபடியும் வரும்.

பாண்டு

வேலை உறுதி என்று சொன்ன மறுநாள் பாண்டு வந்தது. மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும், இடையில் விட்டால் 22 லட்சம். அந்த 22 லட்சம் முதல் நாளும் அதேதான், மூன்றாம் வருடத்துக் கடைசி நாளும் அதேதான். தேதியும் தொகையும் போடாமல் கையெழுத்திட்ட மூன்று காசோலை. அப்பாவின் ஜாமீன். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அசல் சான்றிதழ்கள்.

பையன் அன்றைக்கே கையெழுத்துப் போடத் தயார். மூன்று வருடமாக இதற்காகத்தானே காத்திருந்தான்? அம்மாதான் ஒரு வாரம் அவகாசம் கேட்கச் சொன்னார். மார்த்தாண்டத்தில் ஒரு வக்கீலிடம் காட்டினோம். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தவரை: ஒப்பந்தத்தை மீறினால் எழுதி வைத்த தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி அந்தத் தொகை ஒரு உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும். ஆனால் காசோலை வேறு கதை. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையில் தொகையை நிரப்பி வங்கியில் போட்டு அது திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கு வரும். அது நம் ஊர்க்காரனை வடக்கே ஒரு கோர்ட்டுக்கு இழுக்கும்.

பதில் கடிதம் எழுதினோம். சண்டை தொனியில் இல்லை. பயிற்சிக்கு உண்மையில் ஆகும் செலவு எவ்வளவு என்று கேட்டோம். கிங் ஏருக்கான வகுப்பு, வெளிநாட்டில் சிமுலேட்டர், விமானத்தில் பறக்கும் பயிற்சி எல்லாம் சேர்ந்து 13 லட்சம் என்று கணக்குக் கொடுத்தார்கள். அந்தத் தொகையைப் பாண்டில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பன்னிரண்டில் ஒரு பங்கு குறைந்துகொண்டே வர வேண்டும் என்றோம். ஒத்துக்கொண்டார்கள். அசல் சான்றிதழ் தர முடியாது, அத்தாட்சி பெற்ற நகல்தான் என்றோம். அதற்கும் சரி. காசோலையை மட்டும் விடவில்லை. கடைசியில் மூன்று காசோலைகளின் எண்களையும் பாண்டிலேயே எழுதி, "இந்த ஒப்பந்தத்தின் மீதித் தொகைக்கு மட்டும்" என்ற வரியைச் சேர்த்துக் கொடுத்தோம். அப்பாவின் ஜாமீன் அப்படியே நின்றது.

எனக்கு ஆச்சரியம், கம்பெனி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளவில்லை. முதல் தாளில் கேட்பதைக் கேட்டுப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கும் ஆள் அவசரம்.

இரண்டாவது முடிவு வீட்டுக்குள் எடுத்தது. வங்கியில் பேசிக் கடன் காலத்தை 15 வருடத்துக்கு நீட்டினோம், தவணை 42 ஆயிரமாக இறங்கியது. மொத்த வட்டி கூடும், தெரிந்தேதான் செய்தோம். அடுத்த மாதம் அம்மாவுக்கு மூன்று லட்சம் ரூபாய்ச் சீட்டு விழுந்தது. தங்கைக்கு நகை எடுக்க வைத்திருந்த சீட்டு. அம்மா அதைத் தனிக் கணக்கில் போட்டு, பையனிடம் சொன்னார்: "மக்களே, ஏழு மாசத் தவணை இதுல கிடக்கு. இது இருக்குன்னு மனசுல வச்சுக்கிட்டு வேலை பாரு." அந்தப் பணம் எதற்குப் பயன்படும் என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.

வேலை எப்படி இருந்தது

2023 பிப்ரவரியிலிருந்து வலது இருக்கை, அதாவது கோ-பைலட். சம்பளம் 1 லட்சத்து 10 ஆயிரம், பறந்த மணிக்குத் தனிப்படி.

சார்ட்டர் கோ-பைலட்டுக்குப் பறப்பது வேலையில் பாதி. பெட்டி தூக்குவது, ஒவ்வொன்றையும் தராசில் வைப்பது, முன்கண்ணாடியைத் துடைப்பது, தண்ணீர் பாட்டில் எண்ணுவது, கடைசியாக ஏறிப் படிக்கட்டுக் கதவை உள்ளிருந்து இழுத்துப் பூட்டுவது, பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று சிறு துளை வழியாகப் பார்ப்பது எல்லாம் அவன்தான். ஒருமுறை ஒரு தலைவரின் ஆட்கள் பொன்னாடை மூட்டை மூன்றைக் கடைசி நிமிடத்தில் ஏற்றப் பார்த்தார்கள். துணிதானே என்றார்கள். தராசில் 64 கிலோ காட்டியது. இரண்டு மூட்டை காரில் போனது.

ரோஸ்டர் என்னும் பணிப்பட்டியல் முந்தின இரவுதான் வரும். தங்கையின் நிச்சயத்துக்கு விடுப்பு வாங்கி, குடும்பம் தக்கலையில் மண்டபம் பிடித்திருக்க, அன்று காலை திருவனந்தபுரத்துக்குக் கிளம்ப வேண்டியவனுக்கு ராய்ப்பூர் போகச் செய்தி வந்தது. வீடியோ காலில்தான் பார்த்தான்.

ஊருக்கு வந்தபோது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், நம் பக்கத்துக்காரர்களுக்கு இது பயன்படும். பாட்டி, உடம்பு இளைத்துவிட்டது என்று தசமூலாரிஷ்டம் இரண்டு அவுன்ஸ் ஊற்றிக் கொடுத்தார். நம் வீடுகளில் இது சாதாரணம். ஆனால் அரிஷ்டம் புளித்துத் தயாராவது, அதில் இயல்பாகவே ஆல்கஹால் இருக்கிறது. பைலட்டுகளுக்கு மூச்சுப் பரிசோதனை உண்டு, அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும், முதல் முறை சிக்கினாலே மூன்று மாதம் உரிமம் நிறுத்தம். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்துக்குக்கூடத் தடை. அவன் டம்ளரைக் கையில் வாங்கி, பாட்டி உள்ளே போனதும் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டான்.

மே மாதத்து மாலை

2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19-இல் தொடங்கி ஏழு கட்டமாக ஜூன் 1 வரை நடந்தது. அந்த மாதங்களில் சார்ட்டர் கம்பெனிகளுக்கு அறுவடை. விமானம் தரையில் நின்றால் நஷ்டம் என்று கணக்குப் பார்ப்பார்கள்.

மே நடுவில் ஒரு நாள். தக்காணத்தில் ஒரு சிறிய ஓடுபாதையிலிருந்து இன்னொரு சிறிய ஓடுபாதைக்குப் போக வேண்டும். சேருமிடத்தில் இரவு விளக்கு கிடையாது. புறப்பாடு 4.30 என்று குறித்திருந்தது. கூட்டம் முடியவில்லை. பயணிகள் வந்து சேர்ந்தபோது மணி 5.46. அவர்கள் வரும் முன்பே அவன் முழங்கால் அட்டையில் பென்சிலால் ஐந்து வரி எழுதியிருந்தான். அதன் படத்தை எனக்குக் காட்டினான்:

புறப்பாடு 5.58.
பறக்கும் நேரம் 58 நிமிடம்.
இறக்கம் 6.56.
சூரியன் மறைவு 6.40.
20 நிமிடம் சேர்த்தால் 7.00.

சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குப் பின் கண்பார்வை விதிப்படி (கருவிகளை நம்பாமல் வெளியே பார்த்து) பறக்கக் கூடாது என்பது நாட்டின் பொது விதி. கம்பெனியின் கையேடு இன்னும் கறாரானது: விளக்கில்லாத ஓடுபாதையில் சூரியன் மறைவதற்குள் இறங்கியிருக்க வேண்டும். கேப்டன் 58 வயதுக்காரர், அனுபவசாலி, கெட்டவர் அல்ல. அட்டையைப் பார்த்துவிட்டு, "இருபது நிமிடம் இருக்கிறதே, நாலு நிமிடம் மிச்சம்" என்றார். பின்னால் நின்ற உதவியாளர், நேற்று வேறு கம்பெனி விமானம் இதைவிடத் தாமதமாக இறங்கியது என்றார்.

இவன் சொன்னது இரண்டே வாக்கியம்: "சார், கையேட்டுப்படி நாம் 16 நிமிடம் தாமதம். முதல் முறை இறங்க முடியாமல் ஒரு சுற்று சுற்றினால் ஏழு நிமிடம் போய்விடும், கீழே விளக்கு இல்லை."

சொன்னபோது வலது கால் நடுங்கியது என்கிறான். கேப்டன் பதில் சொல்லாமல் எதிர்க்காற்றைத் தானும் ஒருமுறை கணக்குப் போட்டார். பிறகு வெளியே இறங்கிப்போய்ப் பயணியிடம் பேசினார். விளக்குள்ள ஒரு நகரத்து விமான நிலையம்தான் போக முடியும், அங்கிருந்து கார் என்று சொன்னார். கத்தல் ஓடுபாதை முழுக்கக் கேட்டது. 6.05-க்குக் கிளம்பி அந்த நகரத்தில் இறங்கினார்கள். பயணிகள் மூன்றரை மணி நேரம் காரில் போனார்கள்.

வகுப்பில் அவர்களுக்குச் சொல்லித்தந்த ஒரு விபத்தை அன்றிரவு விடுதியில் நினைத்துக்கொண்டானாம். 2001 செப்டம்பர் 30, காங்கிரஸ் தலைவர் மாதவராவ் சிந்தியா கான்பூர்ப் பொதுக்கூட்டத்துக்குப் போகும் வழியில் மைன்புரி அருகே விழுந்த கிங் ஏர் சி90. விமானத்தில் இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள்.

அதற்குப் பின்

மறுநாள் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். மேசைக்கு எதிரே உரிமையாளர் குடும்பத்து ஒருவர், பக்கத்தில் தலைமை பைலட். நேர்காணலில் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்ட அதே மனிதர். இப்போது அவர் கேட்டது "ஏன்?" என்று மட்டும். இவன் பென்சில் தாளை மேசையில் வைத்தான். அவர் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. கேப்டன் முடிவு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அது இவனைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன்.

அந்த வாடிக்கையாளர் மீதிப் பயணங்களை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார். தண்டனை என்று எழுத்தில் எதுவும் வரவில்லை. ஆனால் 19 நாள் ரோஸ்டரில் இவன் பெயர் இல்லை. தேர்தல் உச்சத்தில், ஆள் பற்றாக்குறையில், 19 நாள். பறக்கும் படி சுமார் 38 ஆயிரம் போனது. ஜூன் தவணை அம்மாவின் தனிக் கணக்கிலிருந்து போயிற்று. மூன்று லட்சத்திலிருந்து எடுத்த ஒரே தவணை அதுதான்.

நான் அவனிடம் ஒருமுறை கேட்டேன்: "அந்தச் சீட்டுப் பணமும், குறைஞ்சுவந்த பாண்டும் இல்லன்னா சொல்லியிருப்பியா?" அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியல மாமா. ஆனா இருக்குன்னு தெரிஞ்சதால வாய் திறந்துது" என்றான். இந்த ஆய்வில் எனக்கு முக்கியமானது இந்த இடம். கையேடு எல்லோரிடமும் இருக்கிறது, விடையும் எல்லோருக்கும் தெரிகிறது. வேலை போனால் அடுத்த மாதம் நிலம் ஏலத்துக்கு வரும் என்று இருப்பவன் வாயில் அந்த விடை வராது.

ஜூலையில் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஒரு பக்கச் சுற்றறிக்கை விட்டார். விளக்கில்லாத ஓடுபாதைக்கு விமானம் பதிவு செய்யும்போதே, எத்தனை மணிக்குப் பின் புறப்பட முடியாது என்பதை வாடிக்கையாளருக்கு எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அதற்குக் காரணம் என்று எந்தச் சம்பவத்தையும் குறிப்பிடவில்லை. ஆகஸ்டில் அதே கேப்டனோடு மறுபடி பறந்தான். சோதனைப் பட்டியலை முடித்ததும் அவரே, "கட்-ஆஃப் எத்தனை மணி?" என்று கேட்டாராம்.

இன்னொரு முறை என்றால்

காத்திருக்கச் சொல்ல மாட்டேன். உரிமம் வந்த மாதமே ஆபரேஷன்ஸ் வேலைக்கு அனுப்பியிருக்க வேண்டும். கொரோனாவிலும் சரக்கு, மருத்துவப் பயணம் என்று சார்ட்டர் முழுதாக நிற்கவில்லை. 20 மாதமும் 1 லட்சத்து 80 ஆயிரமும் என் கணக்கில்.

கடனை முதலிலேயே நீண்ட காலத்துக்குப் போட்டு, ஆறேழு மாதத் தவணையைப் பயிற்சி முடியும் முன்பே ஒதுக்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அது சீட்டு விழுந்த அதிர்ஷ்டத்தால் நடந்தது.

பாண்டில் நான் கவனிக்காமல் விட்டது ஒன்று: நோட்டீஸ் காலம். 2017-இல் டி.ஜி.சி.ஏ. திருத்திய விதிப்படி கோ-பைலட் ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருடமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். பாண்டு காலத்துக்குள்ளேயே நோட்டீஸ் கொடுக்கலாமா, முடிந்த பிறகுதானா என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை. கம்பெனி முடிந்த பிறகுதான் என்றது. ஆக, மூன்று வருடம் மூன்றரை ஆனது.

அந்த மாலையைப் பற்றி அவனுக்கே ஒரு குறை உண்டு. 5.46-க்குப் பயணிகள் வந்த பிறகு சொன்னதை, 5 மணிக்கே கேப்டனிடமும் ஆபரேஷன்ஸிடமும் சொல்லியிருந்தால் அவர்கள் நேரே காரில் கிளம்பியிருப்பார்கள், கத்தலும் இருந்திருக்காது என்கிறான். எழுதிவைத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அவன் ஏன் பேசாமல் இருந்தான் என்று நான் கேட்கவில்லை.

இப்போதைய நிலை

2025 அக்டோபரில் பாண்டு முடிந்தது. பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கில் 970 மணி நேரம். ஏர்லைன் பைலட்டாக இருந்திருந்தால் இதே காலத்தில் இரண்டு மடங்கு வந்திருக்கும். ஏர்லைனில் கேப்டன் ஆவதற்கான ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு 1,500 மணி வேண்டும், அதற்கான தாள்களை மட்டும் எழுதி முடித்திருக்கிறான். நவம்பரில் நோட்டீஸ் கொடுத்தான், இதை எழுதும்போது அது ஓடிக்கொண்டிருக்கிறது. நிலப் பத்திரம் இன்னும் வங்கியில்தான். அப்பா போன ஜூனில் புது மரங்களில் வெட்டு தொடங்கினார்.

பாண்டு முடிந்ததும் மூன்று காசோலைகளையும் திரும்பக் கேட்டோம். இரண்டு வந்துவிட்டன. மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அதன் எண்ணைக் குறிப்பிட்டு வங்கியில் நிறுத்தம் கொடுத்துவிட்டு, பாண்டின் நகலோடு கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறோம்.